புதுக் குதிரை கிட்ட விடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை முடிந்த கையோடு கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் புதுக் குதிரைகள் வந்து இறங்கும். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நுக்ரா, மட்டக்குதிரை என்று அங்கே பல ரகமும் நிற்கும். வியாபாரி கையில் சாதுவாக நின்ற குதிரை நம் வீட்டுக்கு வந்த சில நாளில் காதை மடக்கிப் பல்லைக் காட்டும். அல்லது மூலையில் போய் நின்றுகொண்டு நம்மைத் திரும்பியே பார்க்காது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் சொல்கிற யோசனை பெரும்பாலும் "நாலு போடு போடுங்க, சரியாயிடும்" என்பதுதான். அடிக்குப் பயந்து அடங்குகிற குதிரை உண்டு. ஆனால் அது அடிப்பவருக்கு மட்டும்தான் அடங்கும், அதுவும் அவர் கையில் சாட்டை இருக்கும்போது மட்டும். அந்தக் குதிரை மேல் உங்கள் பிள்ளையை நம்பி ஏற்ற முடியாது.

புதுக் குதிரை செய்கிற 'சேட்டை' எதை எடுத்தாலும் அடியில் வலி இருக்கும், இல்லை பயம் இருக்கும், இல்லை முன்பு வைத்திருந்தவர் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிக்கொடுத்த பழக்கம் இருக்கும். இதே வரிசையில் தேடுங்கள். வலியை விட்டுவிட்டுப் பழக்கத்தைத் திருத்தப் போனால் நாட்கள்தான் வீணாகும். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்: உடம்பு சரியாக இருக்கிறதா?

ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் துடிப்பு தெளிவாகக் கேட்கும். முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் குதிரைக்கு எது வழக்கமான அளவு என்று தெரிந்தால்தான் பின்னால் மாற்றம் தெரியும்.

முன்னங்காலால் தரையைப் பறிப்பது, வயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரண்டு எழுவது, சாணம் போடாமல் இருப்பது இவையெல்லாம் வயிற்றுவலி. இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு நடக்க வைத்துப் பழக்கப் போவது ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே சிக்கினால் சிக்கியதுதான். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குதிரை மந்தமாக இருந்து, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, கால்களிலும் வயிற்றடியிலும் நீர் கோத்தால் 'சர்ரா'வாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்களால் பரவும் நோய் அது, ரத்தப் பரிசோதனையில் தெரியும். மூக்கில் கெட்டியான சளியும் தோலில் உடையும் கட்டிகளும் இருந்தால் தனியாகக் கட்டி வைத்துவிட்டு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். டெட்டனஸ் ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லையென்றால் போடாததாகவே வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். கால்நடைகளில் குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் பலியாவது வேறு எதுவும் இல்லை.

அப்புறம் வாய். ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிய குதிரை என்றால் முள் கடிவாளம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். 1965-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளம் தடை செய்யப்பட்டது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. உதட்டு ஓரத்தில் வெள்ளைத் தழும்பு, நாக்கில் பழைய வெட்டு, கீழ்த்தாடையில் பல் இல்லாத இடத்தில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று டாக்டரை வைத்துப் பாருங்கள். கடைவாய்ப் பல் கூர்ந்து கன்னத்தைக் குத்தினாலும் குதிரை தலையை உதறும். அதை அரத்தால் ராவிச் சமன் செய்தால் 'முரட்டுக் குதிரை' அன்றே பாதி சாதுவாகிவிடும்.

வாங்கும்போது சுழி பார்க்க மணிக்கணக்கில் நிற்பவர்கள் வாயைத் திறந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சுழி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அக்கறையைப் பல்லுக்கும் குளம்புக்கும் காட்டுங்கள்.

முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது பெரிய உதவி. குதிரை முகத்தில் வலியை அளக்க 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அதில் பார்க்கச் சொல்பவை: பின்பக்கமாக விறைத்த காது, பாதி மூடிய கண், கண்ணுக்கு மேலே புடைத்த எலும்பு மேடு, இறுகிய தாடைச் சதை, இறுக்கிய வாயும் துருத்திய மோவாயும், விறைத்த மூக்குத்துவாரம். சும்மா நிற்கும்போதே இந்த முகம் இருந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு எங்கே வலி என்று தேடுங்கள்.

அறிகுறி: வந்ததிலிருந்து சரியாகத் தின்னவில்லை, படுப்பதே இல்லை

குதிரை நின்றபடியே தூங்கும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். அதற்கு இடம் பாதுகாப்பானது என்று அதற்குத் தோன்ற வேண்டும். புது இடத்தில் முதல் சில நாள் படுக்காமல் இருப்பது இயல்புதான். வாரக்கணக்கில் நீடித்தால் சும்மா நிற்கும்போதே கண் சொருகி முன்கால் மடங்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உராய்ந்த காயம் தெரியும்.

செய்ய வேண்டியது: கட்டுக்கயிற்றை அவிழ்த்து, வேலி போட்ட இடத்தில் விடுங்கள். குட்டைக் கயிற்றில் கட்டிய குதிரையால் படுக்க முடியாது. தரையில் மணலோ வைக்கோலோ கெட்டியாகப் போடுங்கள். இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருந்தால் மிக நல்லது. குதிரை இல்லாவிட்டால் ஓர் ஆடோ, கழுதையோ, மாடோ பக்கத்தில் இருக்கட்டும். இரவில் முகத்தில் அடிக்கும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

தீனியில் அவசரப்பட வேண்டாம். வியாபாரியிடம் என்ன போட்டார் என்று கேட்டு, அதையே முதலில் போட்டு, 7 முதல் 10 நாளில் மெல்ல உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். தினம் இரண்டு வேளை கொள்ளும் தவிடும் கொடுத்துவிட்டு இடையில் வெறும் வாயாக நிற்க வைத்தால் வயிற்றில் புண் வரும். புண் வந்த குதிரைக்குச் சேணத்தின் வயிற்று வார் இறுக்கும்போது வலிக்கும், கடிக்கும். எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்குக் காய்ந்த புல் கணக்கில் நாள் முழுக்க வாய்க்குத் தீனி இருக்க வேண்டும். 350 கிலோ குதிரை என்றால் 5 முதல் 7 கிலோ. இன்னொன்று: நம் ஊரில் கோ-4 என்ற தீவனப் புல்லையும் தவிட்டையுமே நம்பி வளர்க்கிறார்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். மாதக்கணக்கில் இது மட்டும் என்றால் எலும்பு மெலிந்து நொண்டும். வேறு புல் கலந்து, தாது உப்பு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் நீங்கள் செய்யும் பழக்கம் ஒன்றே ஒன்று: ஒரு நாற்காலி போட்டு வேலிக்கு உள்ளே ஓரமாக உட்காருங்கள். தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம். உங்களைப் பார்க்க அதற்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

அறிகுறி: கிட்டப் போனாலே விலகிப் போகிறது, பிடிக்க முடியவில்லை

நான் பார்த்ததில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லாப் பழக்கத்துக்கும் அடித்தளமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 டிகிரி பார்க்கும். பார்க்க முடியாத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் சில அடி, வாலுக்கு நேர் பின்னால். நாம் வழக்கமாக நேராக முகத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு போகிறோம். வேட்டை விலங்கு போகிற போக்கும் அதுதான். முதல் திருத்தம்: தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக, வளைந்து நடந்து போங்கள். கை உடம்போடு இருக்கட்டும். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். மூச்சை அடக்காதீர்கள்.

அடுத்தது எல்லை. எந்தத் தூரத்தில் அதன் தலை நிமிர்கிறது, காது உங்கள் பக்கம் விறைக்கிறது, எடை மறுபக்கக் காலுக்கு மாறுகிறது என்று பாருங்கள். பத்தடியாக இருக்கலாம், முப்பதடியாக இருக்கலாம். கால் நகர்வதற்கு முன்னால் அங்கேயே நில்லுங்கள். அது ஒரு மூச்சு விட்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தியோ காதைத் தளர்த்தியோ உங்களைப் பார்த்தவுடன் திரும்பி நாலடி விலகி நடந்துவிடுங்கள். பத்து நிமிடம் இப்படிப் போய் வாருங்கள். எல்லை சுருங்கும். சில குதிரைகள் நீங்கள் விலகிப் போகும்போது பின்னாலேயே வரத் தொடங்கும்.

இது வேலை செய்வதன் காரணம் எளிது. உங்கள் நெருக்கம் குதிரைக்கு ஓர் அழுத்தம். அழுத்தம் விலகும் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. அது ஓடும்போது நீங்கள் நின்றுவிட்டால் 'ஓடினால் ஆள் நிற்பான்' என்று பாடம். நின்று பார்க்கும்போது நீங்கள் விலகினால் 'நின்றால் தொந்தரவு இல்லை' என்று பாடம். அந்த விடுதலை ஒரு நொடிக்குள் வர வேண்டும். தாமதித்தால் குதிரை வேறொன்றோடு அதை முடிச்சுப் போட்டுவிடும். மென்மையாகப் பழக்குவதில் கைத்திறன் என்று இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு நொடிதான்.

ஒருவேளை அது ஓடிவிட்டால்? துரத்தாதீர்கள். அதே நிதானத்தில், அதே கோணத்தில், அது நிற்கும் வரை தூரத்தில் நடந்துகொண்டிருங்கள். நின்றதும் நீங்களும் நின்று, விலகுங்கள். வட்ட வேலிக்குள் விட்டுத் துரத்தித் துரத்தி, களைத்துப் போய் நம்மிடம் வர வைக்கும் முறை உலகெங்கும் பிரபலம். நான் புதுக் குதிரைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. பயந்த குதிரைக்கு அங்கே ஓட்டம்தான் முதல் பாடமாகிறது. நம் வெயிலில் உடம்புக்கும் கெடுதல்.

தொடும் தூரம் வந்ததும் எங்கே தொடுவது? முகத்தை அல்ல. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை 1993-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். படபடவென்று கழுத்தில் தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாசமாகத் தெரியும், குதிரைக்கு அதில் பெரிய சுகமில்லை. மூன்று நொடி சொறிந்து, கையை எடுத்துவிட்டு, கேளுங்கள்: பக்கம் வருகிறதா, மேல் உதடு நீளுகிறதா? வந்தால் மறுபடி. விலகினால் விலகட்டும். "வேண்டாம்" என்றால் நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று தெரிந்த குதிரை அதைச் சொல்லக் கடிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: தலையைத் தொட விடவில்லை, ஹால்ட்டர் (கடிவாளம் இல்லாத தலைப்பட்டை) மாட்ட முடியவில்லை

ஊசி போடவும் லாடம் அடிக்கவும் காதைப் பிடித்து முறுக்கி நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிப் பட்ட குதிரை கை காதுப்பக்கம் போனாலே தலையை வானத்துக்குத் தூக்கும். மார்வாரியும் கத்தியவாரியும் நுனி தொட்டுக்கொள்ளும் காதுக்குப் பேர் போனவை, பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் தொட்டுப் பார்க்க வருவார்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் காதுக்குள் உண்ணி, புண் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தாவது பாருங்கள். பிறகு, குதிரைக்குச் சம்மதமான இடத்தில் கையை வையுங்கள், தோளில் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கழுத்து வழியாக மேலே, அது தலையைத் தூக்குவதற்கு ஒரு சாண் முன்னால் வரை போய், திரும்பி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் அது அசையாமல் இருக்கும்போதே கை திரும்ப வேண்டும். நாளைக்கு அந்தச் சாண் அரைச் சாண் ஆகும்.

ஹால்ட்டரைக் குதிரை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மூக்குப் பட்டையை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் ஒரு துண்டு கேரட்டை வையுங்கள். குதிரை தானே மூக்கை உள்ளே விடும். முதல் நாட்களில் கொக்கியை மாட்டவே மாட்டாதீர்கள். மூக்கை விட்டது, எடுத்தது, அவ்வளவுதான். மூக்கை அதுவாக நுழைத்துத் தேடத் தொடங்கிய பிறகு கொக்கி மாட்டுவது இரண்டு நிமிட வேலை.

அறிகுறி: கடிக்கிறது

கையில் வெல்லமும் கேரட்டும் ஊட்டிப் பழக்கிய குதிரை பையைத் தேடிக் கடிக்கிறதா, அல்லது வார் இறுக்கும்போதும் தேய்க்கும்போதும் காதை மடக்கிக் கடிக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வலி. வயிற்றுப் புண், முதுகுக் காயம், சேணம் சரியாகப் பொருந்தாமை இவற்றில் தேடுங்கள்.

முதலாவதுக்குத் தீனி கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடுக்கும் முறையை மாற்றினால் போதும். வேலிக்கு வெளியே நில்லுங்கள். குதிரை தலையை உங்களிடமிருந்து நேராகத் திருப்பி வைக்கும் கணத்தில் நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே தீனி. கையை அதன் மார்புக்கு நேராக நீட்டி, உள்ளங்கையை விரித்து, அதன் இடத்திலேயே கொடுங்கள். உங்கள் பக்கம் வந்து வாங்கும்படி வைக்காதீர்கள். பையை முட்டினால் திட்டும் வேண்டாம், தட்டும் வேண்டாம், ஓர் அடி பின்வாங்கிக் காத்திருங்கள். முட்டினால் கிடைக்காது, முகத்தைத் திருப்பினால் கிடைக்கும் என்பதைக் குதிரைகள் வியக்கும் வேகத்தில் பிடித்துக்கொள்ளும். இந்த 'டக்' சத்தம் பிறகு எல்லாப் பாடத்துக்கும் உதவும்.

காயடிக்காத ஆண் குதிரை விளையாட்டாகவே கடிக்கும். நம் ஊரில் விற்கும் பெரிய குதிரைகளில் பல அப்படித்தான். வீட்டில் குழந்தைகள் இருந்து, இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லையென்றால் காயடிப்பது பற்றி டாக்டரிடம் பேசுவது குதிரைக்கும் நல்லது. பிறகு அதை மற்றக் குதிரைகளோடு விட முடியும்.

அறிகுறி: காலைத் தூக்க விடவில்லை, உதைக்கிறது

கணுக்காலுக்கு மேலே வட்டமாக முடி இல்லாத தழும்பு இருக்கிறதா பாருங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் கயிறு போட்டு முளையடித்துக் கட்டும் வழக்கம் உண்டு. கால் சிக்கினால் தப்ப முடியாது என்று அந்தக் குதிரைக்குத் தெரியும். ஓடிப் பிழைக்கும் விலங்கு காலை நம் கையில் கொடுப்பது சின்ன விஷயமல்ல.

கையால் தொடங்காதீர்கள். நான்கடி மூங்கில் குச்சியின் நுனியில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டிக் கட்டி, அதனால் தோளிலிருந்து கால் வரை தடவுங்கள். உதைத்தால் குச்சி உதை வாங்கட்டும், நீங்கள் எட்டத்தில் இருப்பீர்கள். உதைத்தாலும் குச்சியை உடனே எடுத்துவிடாமல் மெல்ல அங்கேயே ஒட்டியிருக்க விட்டு, கால் நின்றதும் எடுங்கள். மிகப் பதறினால் இன்னும் மேலே, சம்மதமான இடத்துக்குத் திரும்புங்கள். சாட்டை அடி வாங்கிய குதிரை குச்சியைக் கண்டாலே நடுங்கும். அதற்கு முதலில் குச்சியைத் தரையில் போட்டு மேல் தீனி வையுங்கள்.

இங்கே ஒரு விசேஷம். திருவிழாக்களில் ஆடிக் காட்டும் நாட்டியக் குதிரைக்குக் குச்சியால் காலைத் தொட்டால் தூக்கி ஆட வேண்டும் என்று பழக்கியிருப்பார்கள். உங்கள் குச்சி பட்டதும் அது குதிக்கத் தொடங்கினால் முரண்டு அல்ல, கற்ற பாடத்தைச் செய்கிறது. துணிப்பந்தோ கையோ வைத்து வேறு விதமாகத் தொடுங்கள்.

கால் தரையை விட்டு ஒரு விரல் உயர்ந்ததும் 'டக்', நீங்களாகவே கீழே வையுங்கள். குதிரை பிடுங்குவதற்கு முன் நீங்கள் விடுவதுதான் முக்கியம். லாடம் அடிப்பவர் வரும் நாளை இந்தப் பாடத்துக்கு முதல் நாளாக வைக்காதீர்கள். குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், அதற்குள் தயார் செய்துவிட முடியும். அவரிடமும் ஒரு வார்த்தை: அவசரப்படாமல், அடிக்காமல் செய்வதானால் கூலி கூடுதலாகத் தருகிறேன் என்று.

அறிகுறி: கயிற்றைப் பிடித்து நடத்தினால் ஆணி அடித்தது மாதிரி நின்றுவிடுகிறது

நேராக முன்னால் நின்று இழுத்தால் ஐந்தாறு மடங்கு கனமான உடம்பு வெல்லத்தான் செய்யும். பக்கவாட்டில் தோளுக்கு நேராக நின்று, கயிற்றில் ஒரு கைக்குட்டையின் கனம் அளவுக்கு இழுவை வைத்து, அப்படியே இருங்கள். கூட்டவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். முன்னால் சாய்ந்தாலே போதும், கயிற்றைத் தளர்த்துங்கள். அடுத்து அரை அடி, அடுத்து ஓர் அடி. ஒரே இடத்தில் தினமும் நிற்கிறது என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று குதிரையின் கண் உயரத்தில் பாருங்கள்: தொங்கும் தார்ப்பாய், ஈரத் தரையின் பளபளப்பு, நாய்.

கட்டி வைத்தால் பின்னால் இழுத்து அறுத்துக்கொள்கிறதா? கெட்டியாகக் கட்டி 'தோற்கட்டும்' என்று விடுவதில் கழுத்து உடைந்த குதிரைகள் உண்டு. கயிற்றை வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியை உங்கள் கையில் வையுங்கள். இழுத்தால் வழுக்கிப் போகட்டும், நின்றதும் மெல்லத் திரும்ப இழுங்கள்.

அறிகுறி: பிளாஸ்டிக் பை, பைக், பட்டாசு, எல்லாவற்றுக்கும் மிரள்கிறது

மிரளும்போது அடிப்பதால் வரும் கேட்டை ஜெனோஃபன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்: அடி வாங்கிய குதிரை, தான் கண்டு மிரண்ட பொருள்தான் அந்த வலியைத் தந்தது என்று நினைத்துக்கொள்ளும். பையைக் கண்டு பயந்த குதிரைக்கு இப்போது பையோடு வலியும் சேர்ந்துவிட்டது.

மிரட்டும் பொருளை அதன் முன்னால் கொண்டுவராதீர்கள், அதிலிருந்து விலகிப் போகவிடுங்கள். ஒருவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கட்டும். நீங்கள் குதிரையோடு இருபது அடி தள்ளிப் பின்தொடருங்கள். தன்னைக் கண்டு விலகிப் போகும் பொருளைத் துரத்தப் பல குதிரைகளுக்குப் பிடிக்கும். காது முன்னால் வந்து, கழுத்து தாழ்ந்ததும் அன்றைய பாடம் முடிந்தது.

நிறம் பற்றி ஒன்று: குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். புல்வெளியில் சிவப்பு வாளி அதற்கு மறைந்திருந்து திடீரென்று கண்ணில் படலாம். பழக்கும் சாமான்களை நீலமோ மஞ்சளோ வாங்குங்கள்.

தீபாவளிக்குப் பழக்கம் எதுவும் எடுபடாது. அந்த இரண்டு மூன்று நாள் உள்ளே விட்டு, துணையோடு, நிறையப் புல்லோடு வைத்து, கட்டாமல் விடுங்கள்.

உங்கள் பதற்றமும் ஒரு பொருள்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடை சொல்கிறது என்று பேராயிற்று. கால் தட்டி எண்ணிக்கை காட்டும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து, கேள்வி கேட்பவர் தன்னையறியாமல் செய்யும் மிகச் சிறிய தலை அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். கேட்டவருக்கே தெரியாத அசைவு அது. பைக் வரும்போது நீங்கள் கயிற்றை இறுக்கி மூச்சைப் பிடித்தால் உங்கள் குதிரைக்குத் தெரியாமல் போகாது. வாய்விட்டுப் பேசிக்கொண்டே நடங்கள், பேசும்போது மூச்சைப் பிடிக்க முடியாது.

அறிகுறி: ஏற விடவில்லை, ஏறியதும் துள்ளுகிறது

சேணம் இல்லாமல், முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது முதுகு தாழ்ந்தால், சதை துடித்தால், ஏறுவதை ஒத்திவையுங்கள். முதுகில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் பழைய சேணப் புண்.

வலி இல்லை என்று உறுதியானால் ஏறுவதைத் துண்டு துண்டாக்குங்கள்: பக்கத்தில் மேடை போட்டு அதன் மேல் நிற்பது, முதுகில் கை வைப்பது, குப்புறச் சாய்ந்து இறங்குவது, அங்கவடியில் ஒரு நொடி கால் வைத்து எடுப்பது. தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக முதுகை இழுக்கும், மேடை எப்போதும் நல்லது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குட்டி என்றால் இந்தத் தலைப்பே இப்போது வேண்டாம். நிரந்தரப் பற்கள் முளைத்து முடியவே ஐந்து வயதாகும், முதுகெலும்பு முற்றுவதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கும்.

அறிகுறி: எதுவுமே செய்வதில்லை, சொன்னதையெல்லாம் கேட்கிறது

இதைப் பலர் பிரச்சினையாகவே நினைப்பதில்லை, எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காதை அசைக்காது, புதுச் சத்தத்துக்குத் திரும்பாது, சுவரைப் பார்த்து நிற்கும், எங்கே தொட்டாலும் விடும், கேரட்டைக் கூட ஆர்வமாக வாங்காது. "என்ன அமைதியான குதிரை" என்று புகழ்ந்து விற்பார்கள். என்ன செய்தாலும் எதுவும் மாறாது என்று பலகாலம் கற்றுக்கொண்ட குதிரையாக அது இருக்கலாம். மறுபக்கம், சர்ராவோ ரத்தசோகையோ நாள்பட்ட வலியோ இருக்கலாம், அதனால் ரத்தப் பரிசோதனை முதலில்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் அதற்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்புகள் கொடுங்கள். இரண்டு வகைப் புல்லை இரண்டு இடத்தில் போடுங்கள். வெயிலும் நிழலும் இருக்கும் இடத்தில் அவிழ்த்து விடுங்கள். குச்சி நுனியில் ஒரு பந்தைக் கட்டி நீட்டி, மூக்கால் தொட்டால் 'டக்', தீனி. தொடாவிட்டால் ஒன்றுமில்லை, நாளை பார்க்கலாம். இந்தக் குதிரை ஒருநாள் கையைத் தட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால், விலகிப் போனால், அது முன்னேற்றம். பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லி வையுங்கள், "கெட்டுப் போச்சு" என்று அவர் அதட்டிவிடக் கூடாது. உயிர் திரும்பும்போது இப்படிச் சில வாரம் சேட்டை வரும். அப்போது மேலே உள்ள தலைப்புகளுக்குத் திரும்பிப் போங்கள்.

எப்போது நீங்களாகப் பழக்கக் கூடாது

நேராக ஓடி வந்து தாக்குகிறது, பின்னங்காலில் எழுந்து முன்காலால் அடிக்கிறது, கடித்த பிடியை விடாமல் உலுக்குகிறது என்றால் உள்ளே போகாதீர்கள். தண்ணீரும் புல்லும் வேலிக்கு வெளியிலிருந்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, டாக்டரையும், அடிக்காமல் பழக்கும் அனுபவமுள்ள ஒருவரையும் வரவழையுங்கள். வருபவர் முதல் அரை மணி நேரம் குதிரையைச் சும்மா நின்று பார்க்கிறாரா, வந்ததும் சாட்டையைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். சாட்டையைக் கேட்டால் வண்டிச் சத்தத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். மற்ற நாட்களிலும் தனியாக இருக்கும்போது புதுக் குதிரையோடு வேலை வேண்டாம். காலில் ஷூ, தலையில் ஹெல்மெட், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும், பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.